செவலையின் பத்து மணி நேரம்

செங்கம் சாலையில் ஆசிரமத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் சிலர், ஊர் திரும்பும்போது தெருநாய் ஒன்றையும் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுவார்கள். அப்படிப்பட்டவர்கள் கால்நடை மருத்துவரைப் பார்த்த கையோடு அருணாதேவியையும் பார்க்க வருகிறார்கள். ஊசியும் சான்றிதழும் மருத்துவர் பொறுப்பு. அந்த நாய் கூண்டுக்குள் பதறாமல் படுத்து, கடல் தாண்டிப் போய்ச் சேருவது அருணாதேவி பொறுப்பு.

வந்தவர்களிடம் அவர் முதலில் நாயின் வயதைக் கேட்பதில்லை. "உங்க ஊர்ல இப்ப மணி இன்னா?" என்று கேட்பார். அவர்கள் விழிப்பார்கள். போனைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். செவலை என்ற நாயிடமிருந்து வந்தது.

அருணாதேவி கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டார். கணவர் கட்டட வேலைக்குப் போகிறார். பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் சுண்டலும் மோரும் விற்றுக்கொண்டிருந்த அருணாதேவி அக்கா, நான் வேலை பார்க்கும் விடுதிக்கு அறைகளைத் துடைக்க வந்து சேர்ந்தார். விடுதி சக்கரபாணியுடையது. பத்து அறை, ஒரு வேப்பமரம், மரத்தடியில் எந்நேரமும் நாலைந்து நாய்கள். நாய்களை விரட்டச் சொல்லித்தான் சக்கரபாணி அக்காவிடம் முதல் நாள் துடைப்பத்தைக் கொடுத்தார். ஒரே மாதத்தில் அவை எல்லாம் அக்கா சொன்ன இடத்தில் படுக்க ஆரம்பித்துவிட்டன. விரட்டும் பேச்சு அதோடு நின்றது.

அக்கா நாயைக் கூப்பிட மாட்டார். மிரண்ட நாய் ஒன்று வந்தால் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நாய் நெருங்கி வந்து, அவர் முழங்கையை முகர்ந்து, பக்கத்தில் படுக்கும் வரை அந்தக் கீரை தீராது. "மூஞ்சிக்கு நேரா பாத்தா அதுக்கு சண்டைக்கு வர மாதிரி இருக்கும். முதுகு யாரையும் கடிக்காதுல்ல" என்று ஒருமுறை சொன்னார்.

செவலை அப்படித்தான் அக்காவிடம் வந்தது. செம்மண் நிறம். கிரிவலப் பாதையில் வண்டி மோதிப் பின்னங்கால் ஒன்று வளைந்துபோனது. அதற்கு முன்பே ஒருமுறை நாய் பிடிக்கும் வண்டியில் அடைபட்டு வந்திருந்தது. கருத்தடை செய்த நாய் என்பதற்குக் காதோரத்தில் வெட்டிய அடையாளம் உண்டு. எந்தக் கதவைச் சாத்தினாலும் அதற்கு உயிர் போகும். மழை நாளில் அறைக்குள் விட்டுக் கதவை ஒருக்களித்தால்கூட, மரம் சிதறச் சிதறப் பிராண்டும்.

அந்த நாய்மீது உயிரை வைத்தவர் ஜெர்மன்காரம்மா. எழுபது வயது தாண்டியவர். ஐந்து குளிர்காலம் எங்கள் விடுதியின் கோடி அறையில் தங்கியவர். ஆறாவது முறை வந்தபோது முழங்கால் இரண்டும் விட்டுப்போயிருந்தன. இனி வர முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. மார்ச்சில் போகும்போது செவலையைக் கூட்டிப்போக வேண்டும் என்றார். விமானத்தில் அதற்கு உட்காருமிடம் கிடையாது. கூண்டில் அடைத்து, சாமான்கள் போகும் கீழ்ப்பகுதியில் ஏற்ற வேண்டும். மயக்க மருந்து கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வழியில் யாரும் போய்ப் பார்க்கவும் முடியாது.

கதவைக் கண்டால் நடுங்கும் நாயை அப்படி அனுப்புவதா? ஜெர்மன்காரம்மா அருணாதேவி அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் பேசியதை நான் தமிழில் சொன்னேன். "அருணா சரி என்றால் கூட்டிப்போவேன். வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் போவேன். வேறு யாரையும் கேட்க மாட்டேன்."

விட்டுவிட்டுப் போனால் செவலை யார் வீட்டுக்குப் போகும் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது அக்காவின் சைக்கிள் பின்னாலேயே நொண்டிக்கொண்டு ஓடும் நாய். சக்கரபாணி கூடத்தில் நின்றபடியே சொன்னார்: "அப்பறம் இன்னா அருணா? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிடு. நாய் உனுக்கு. கூண்டு எனுக்கு, கோழி வெச்சிக்கிறேன்."

"உங்க கோழிய வேற ஜெர்மனிக்கு அனுப்பச் சொல்லுவீங்க" என்றார் அக்கா.

மறுநாளே பழக்க ஆரம்பித்தார். பிளாஸ்டிக் கூண்டின் மேல்பாதியைக் கழற்றி வைத்துவிட்டு, கீழ்த்தட்டில் ஜெர்மன்காரம்மாவின் பழைய சால்வையை விரித்தார். அதில் சோறு வைத்தார். நாய் உள்ளே கால் வைக்கவே ஒரு வாரம் பிடித்தது. பிறகு மேல்பாதியை மாட்டினார். பிறகு கதவை. திறந்த கதவு, ஒருக்களித்த கதவு, சாத்திய உடனே திறந்த கதவு. அக்கா எப்போதும்போல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். ஜனவரி முழுவதும் எங்கள் விடுதியில் கீரைதான்.

டிக்கெட் வந்ததும் ஜெர்மன்காரம்மா அக்காவிடம் காட்டினார். எண்களை அக்காவே படித்தார். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கெளம்புது. காலைல ஏழரைக்குப் போய்ச் சேருது. அஞ்சரை மணி நேரம்."

சக்கரபாணி எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இங்கருந்து சென்னைக்கே பஸ்ல நாலு மணி நேரம் ஆவுது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல கீது ஜெர்மனி. அதுக்கு அஞ்சரைதானா?"

"பஸ்ஸு திண்டிவனத்துல டீ குடிக்க நிக்கும். ப்ளேன் எங்க நிக்கப் போவுது?"

இந்தப் பதில் சக்கரபாணிக்குப் போதுமானதாக இருந்தது. அன்று முதல் ஐந்தரை மணி நேரம்தான் அக்காவின் இலக்கு. பிப்ரவரி முடிவதற்குள் செவலை கூண்டுக்குள் அவ்வளவு நேரமும் படுத்து எழுந்தது. "முழு நேரமும் இருந்துடுச்சி" என்று அக்கா சொன்னார். நான் அதை ஜெர்மன்காரம்மாவிடம் சொன்னேன். அவர் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் மனதில் இருந்த முழு நேரம் வேறு, அக்கா மனதில் இருந்தது வேறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு முற்பகலில், ஜெர்மன்காரம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து தன் அக்காவுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். பெருக்கிக்கொண்டு வந்த அருணாதேவி அக்கா குனிந்து போனைப் பார்த்து வணக்கம் சொன்னார். அந்தப் பக்கத்தில் இரவு உடையில் ஒரு பெரியம்மா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னல் கருப்பாக இருந்தது.

"இன்னாம்மா, உங்க அக்கா வூட்ல இன்னும் விடியவே இல்லியா?"

நான் சொன்னதைக் கேட்டு ஜெர்மன்காரம்மா சிரித்தார். அங்கே இப்போது ஆறரை மணிதான் என்றார். எங்கள் முற்றத்தில் பதினொரு மணி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அக்கா சிரிக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். என் பக்கம் திரும்பி, "அங்க ஏழரைன்னா இங்க மணி இன்னா?" என்றார்.

"பன்னிரண்டு."

"நம்ம ரெண்டு மணிக்குக் கெளம்புது. நம்ம பன்னண்டுக்குப் போய் எறங்குது." விரல்களை மடக்கினார். இரண்டு கையும் மடங்கி முடிந்தன. தாழ்வாரத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பத்து மணி நேரம். அதுக்கு மின்னாடி ஏர்போர்ட்ல எம்மாம் நேரம்?"

ஜெர்மன்காரம்மாவிடம் கேட்டுச் சொன்னேன். கூண்டை முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும், மூன்று நான்கு மணி நேரமாவது ஆகும்.

"அம்மாகிட்ட சொல்லு. நான் தப்பா கணக்குப் போட்டுட்டேன். பாதி கூட பழக்கல. அவங்க ஊரு மணிய நம்ம மணின்னு நெனச்சிட்டேன்."

ஜெர்மன்காரம்மா போனை மடியில் கவிழ்த்தார். பிறகு, ஐந்தரை மணி நேரம் இருந்த நாய் பத்து மணி நேரமும் இருக்காதா என்று மெல்லக் கேட்டார். அவருக்கு 'இருக்கும்' என்ற ஒரு சொல் போதும். அதை அப்போது யார் சொன்னாலும் நம்பியிருப்பார்.

"தெரியாது. தெரியாதத நான் சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா. "பத்து நாள் கீது. பாத்துட்டுச் சொல்றேன்."

அன்று மாலையே ஏழு மணி நேரத்துக்கு முயன்றார். ஆறு மணி நேரம் தாண்டியதும் செவலை சால்வையைக் கடித்து இழுக்க ஆரம்பித்தது. அக்கா கதவைத் திறந்துவிட்டார். மறுநாள் ஜெர்மன்காரம்மாவிடம் அவர் கேட்டது இதுதான்: ப்ளேனுக்குள் சத்தம் எப்படி இருக்கும்? ஓயாத இரைச்சல், காலடியில் லேசான அதிர்வு, இறங்கும் வரை நிற்காது என்றார் அவர்.

"எங்க அக்கா வூட்டு மிஷின் மாதிரி" என்றார் அருணாதேவி.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய அக்கா வெள்ளையம்மாளின் வீட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மிஷின் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஓடும். அக்கா விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு, சக்கரபாணியின் முணுமுணுப்பையும் வாங்கிக்கொண்டு, கூண்டையும் நாயையும் ஒரு வேனில் ஏற்றிப் போய்விட்டார். அங்கே நடந்ததைப் பிறகு வெள்ளையம்மாள்தான் எனக்குச் சொன்னார்.

மிஷின் கொட்டகையில் கூண்டை இறக்கியதும் வெள்ளையம்மாளின் கணவர் தருமன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாராம். "இன்னா அருணா, நாயயும் மிஷின்ல போட்டு ஒடைக்கணுமா?"

"நீ ஓட்டு மாமா. அது சும்மா கேட்டுக்கினு படுத்திருக்கும்."

"ஏண்டி" என்றாராம் வெள்ளையம்மாள், "ஊருல அவங்கவங்க புள்ளைய வெளிநாட்டுக்கு அனுப்ப அலையறாங்க. நீ நாய அனுப்ப அலையற."

"அதுக்கு விசா கெடச்சிடுச்சி. உன் புள்ளைக்குக் கெடச்சா அவனயும் பழக்கி அனுப்பறேன்."

மிஷின் ஓடத் தொடங்கியதும் செவலை முதலில் காதை விடைத்தது. பிறகு தலையைச் சால்வையில் வைத்தது. அக்கா கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உடைத்த பருப்பில் சொத்தை பொறுக்கினார். மதியம் வந்தது. நாய் எழுந்து ஒரு சுற்று சுற்றி மறுபடி படுத்தது. ஏழு மணி நேரமும் தாண்டிவிட்டது. வெள்ளையம்மாளுக்கே ஆச்சரியம்.

அப்போது கரண்ட் போனது.

மிஷின் இழுத்து மூச்சுவிட்டு நின்றது. கொட்டகையில் சத்தமே இல்லை. அடுத்த நொடி செவலை கதவின்மீது பாய்ந்தது. கம்பியில் மூக்கை இடித்து இடித்து ரத்தம் வந்தது. கூண்டே தரையில் நகர்ந்ததாம். அக்கா ஓடிப் போய்த் திறக்கக் கையை வைத்தபோது கரண்ட் திரும்பியது. மிஷின் உறுமியது. நாய் அங்கேயே நின்று, இரைத்து, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு மெதுவாகப் படுத்தது.

வெள்ளையம்மாள் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார். "போதும் உடுடி. மூக்கப் பாரு. அந்தம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லு. உண்மையதான சொல்லப்போற? உனுக்கும் அத உட மனசில்ல."

"மனசில்லதான்."

"அப்பறம் இன்னா?"

அக்கா மஞ்சளைத் தொட்டு நாயின் மூக்கில் வைத்தாராம். "முடியாதுன்னு இன்னும் தெரியலியே. அதுக்குள்ள முடியாதுன்னு சொன்னா, நாளைக்கு இது என் வாசல்ல படுத்திருக்கும்போது தெனம் அந்தம்மா முகம் இல்ல ஞாபகத்துக்கு வரும்? அவங்களுக்கு அங்க யாரு கீறாங்க, காப்பி ஊத்தற அந்த அக்காவத் தவிர?"

பிறகு தருமனைப் பார்த்து, "மாமா, மிஷின கொஞ்சம் நிறுத்து" என்றார்.

"இப்பதான கரண்ட் வந்திச்சி!"

"நிறுத்து மாமா. நான் சொன்னதும் போடு."

அக்கா கண்டுகொண்டது இதுதான். இரைச்சலுக்குள் நேரம் நீள்வதால் செவலை பதறவில்லை. சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது தூங்குகிறது. அமைதி விழும்போதுதான் கதவு நினைவுக்கு வருகிறது. நாய் பிடிக்கும் வண்டியும் இப்படித்தான் ஓடி, நின்று, அமைதியாகி, அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து அதைப் பிடித்து இழுத்திருப்பார்கள் என்பது அக்காவின் ஊகம். ஆகவே அவர் பழக்க வேண்டியது பத்து மணி நேரத்தை அல்ல, மிஷின் நின்றபின் வரும் அமைதியை.

அந்த ஒரு வாரம் தருமன் பட்ட பாட்டை அந்தக் கிராமமே பேசிச் சிரித்ததாம். மூட்டையோடு வந்தவர்கள் காத்திருக்க, அருணாதேவி கை காட்டினால் மிஷின் நிற்கும், கை காட்டினால் ஓடும். முதலில் ஒரு மூச்சு அமைதி. அதற்குள் நாய் எழுந்தால் அக்கா திரும்பிப் பார்க்காமல் சொத்தை பொறுக்குவார். பிறகு ஒரு டீ குடிக்கும் நேரம். பிறகு சாப்பாட்டு நேரம். "நாய்க்கு மரியாத, மனுசனுக்கு இல்ல" என்று ஒருவர் சொன்னதற்கு, "நீ இதுக்குள்ள ஒரு மணி நேரம் படுத்துக் காட்டு அண்ணே, உனுக்கும் நிறுத்தச் சொல்றேன்" என்றாராம் அக்கா. கடைசி நாள் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை செவலை கூண்டிலேயே இருந்தது. நடுவில் மூன்று முறை மிஷின் நின்றது. மூன்று முறையும் தலையைத் தூக்கி அக்காவின் முதுகைப் பார்த்தது. எழவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது ஜெர்மன்காரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். வேனுக்குள்தான் முதலில் எட்டிப் பார்த்தார். கேட்கப் பயந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"போவும்மா" என்றார் அருணாதேவி. "ப்ளேன்ல பத்து மணி நேரமும் தூங்கும். அங்க கரண்ட் போவாதுல்ல? ஆனா ஏத்தறதுக்கு மின்னாடி ஏர்போர்ட்ல சும்மா கெடக்குமே, அங்கதான் கஷ்டம். அதுக்கு நான் கூட வரேன்."

நான் சொல்லி முடிப்பதற்குள் ஜெர்மன்காரம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா அவரைத் தேற்றவில்லை. கூண்டை இறக்கி வைத்துவிட்டு, வேனுக்குப் பின்னால் போய் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

கிளம்பும் நாளில் சக்கரபாணியே கார் ஓட்டினார். கிண்ணத்துத் தண்ணீரை அக்கா விடுதியின் ஃப்ரிட்ஜில் உறைய வைத்திருந்தார். தளும்பாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், நாய் நக்கிக்கொள்ளும். விமான நிலையத்தில் நடந்ததைச் சக்கரபாணி இன்றுவரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கூண்டைச் சோதித்து முடித்து ஓரமாகக் காத்திருக்கச் சொன்னதும், அக்கா தரையில் உட்கார்ந்து கூண்டுக்கு முதுகைக் காட்டினாராம். போனை எடுத்து, பதிவு செய்து வைத்திருந்த மல்லாட்டை மிஷின் சத்தத்தை ஓடவிட்டாராம். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பணியாளர் ஒருவர் வந்து, இது என்ன சத்தம் என்று கேட்டார்.

"தாலாட்டு சார்" என்றாராம் சக்கரபாணி.

சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் அக்கா நிறுத்திவிட்டார். செவலை படுத்தபடியே இருந்தது. கூண்டை எடுத்துப் போக ஆட்கள் வந்தபோதும் அக்கா திரும்பவில்லை. ஒரு தடவை பார்த்துக்கோ அருணா என்று சக்கரபாணி சொன்னாராம். "வேணாங்க. நான் மூஞ்சக் காட்டினா அது எழுந்துக்கும்" என்றார். சக்கரங்களின் சத்தம் தேய்ந்து மறையும்வரை அந்தத் தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்லும்போது மட்டும் சக்கரபாணி ஜோக் அடிப்பதில்லை.

காலையில் திரும்பி வந்தவர் தூங்கப் போகவில்லை. கோடி அறையைக் கழுவ ஆரம்பித்தார். ஏழரை மணிக்குச் சக்கரபாணி, "போன் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, தன் தலையில் தானே தட்டிக்கொண்டு போனார். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. அக்கா கழுவிய அறையையே இன்னொரு முறை கழுவினார். நான் போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்திருந்தேன்.

ஒன்றரைக்கு வீடியோ வந்தது. அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார்.

ஏதோ ஒரு பெரிய கூடம். தரையில் கூண்டு. ஒரு கை கதவைத் திறக்கிறது. செவலை வெளியே வரவில்லை. உள்ளேயே படுத்து, சால்வையில் தாடையை வைத்துக்கொண்டு, திறந்த கதவைப் பார்க்கிறது. ஜெர்மன்காரம்மாவின் குரல் 'செவ்லி, செவ்லி' என்று கூப்பிடுகிறது. அப்புறம் ஏதோ யோசித்ததுபோல் அந்தக் குரல் நிற்கிறது. படம் ஆடுகிறது. அவர் அந்த முழங்கால்களோடு தரையில் உட்கார்கிறார் என்று புரிந்தது. இப்போது படத்தில் அவருடைய தோளும், தோளுக்குப் பின்னால் கூண்டும் தெரிந்தன. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு செம்மண் நிற மூக்கு அவருடைய முழங்கையைத் தொட்டது.

அக்கா போனை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார். "மூக்குல ரத்தம் இல்ல" என்றார். "சால்வையும் கடிக்கல, பாரு."

பிறகு என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அந்த விடுதியில் சேர்ந்ததிலிருந்து, வேலை நேரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"இன்னொரு தபா போடும்மா" என்றார்.